ராஜையன் பார்த்த ஏழு நிமிடம்

வீட்டுக்கு யார் வந்தாலும் ராஜையன் முதலில் விளக்கைப் போடுவார். மத்தியானம் பன்னிரண்டு மணியாக இருக்கும், வாசலில் வெயில் கொளுத்தும். ஆனாலும் கை தானாக சுவிட்சுக்குப் போய்விடும். பிறகு வந்தவரை சன்னலைப் பார்த்தாற்போல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தான் சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வார். நாற்காலி சற்றுக் கோணலாக இருந்தால் ஆளோடு சேர்த்து இழுத்துத் திருப்புவார். மகள் ஷாலு விவரம் தெரிந்த நாளிலிருந்தே இதைப் பார்த்துவருகிறாள். ஜெபம் பண்ண வந்த சபைப் பாஸ்டரையும் கரண்டு மீட்டர் பார்க்க வந்த ஆளையும் அவர் ஒன்றுபோலத்தான் திருப்பிவைத்தார்.

"பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி எல்லாருக்க மொகத்தையும் வெளிச்சத்துல வச்சுப் பாக்கணும் இவருக்கு," என்பாள் அவர் மனைவி லீலாபாய். "கரண்டு பில்லு வரும்போ தெரியும்."

சில சமயம் அவர் அதற்குச் சிரிப்பார். பல சமயம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிற மனுஷன் என்று அவளுக்கு அவர்மேல் தீராத வழக்கு.

பாறசாலைப் பக்கத்திலிருந்து இருபது வயதில் வேலை தேடி வந்தவர் ராஜையன். ஆரியசாலைக் கடைத்தெருவில் ஆறுமுகசாமியின் மாவு மில்லில் சேர்ந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. நேமத்தில் வாடகை வீடு. காலை ஏழரை பஸ், சாயங்காலம் ஏழு மணி பஸ். அதற்கு நடுவில் மூன்று மிஷின்கள். மிளகாய், மல்லி, கோதுமை, அரிசி. மூன்றும் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் சோற்றுப் பாத்திரத்தோடு போகும் ஷாலு அந்த வேடிக்கையைப் பார்த்திருக்கிறாள். இந்த மிஷினில் அப்பா, அந்த மிஷினில் ஷாஜி அண்ணன். சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்து ஒருவரை ஒருவர் கேலி பண்ணி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மில்லில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் அந்தப் பேச்சு வரும். அப்பாவுக்கு வேறெந்தப் பேச்சும் வராது என்று யாருக்கும் தோன்றவில்லை.

போன் அடித்தால் "நீ பேசு" என்று மனைவியிடம் நீட்டிவிடுவார். சபையில் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். அவர் சுபாவம் அப்படி என்று வீடு ஏற்றுக்கொண்டிருந்தது. வீடுகள் எதை வேண்டுமானாலும் சுபாவம் என்று ஏற்றுக்கொண்டுவிடுகின்றன.

ஷாலு பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தாள். அவர்கள் இரண்டு குடும்பங்களிலும் டிகிரி என்று ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை. அப்படி வீட்டின் முதல் பட்டதாரிகளாக வந்தவர்களைக் கௌரவிக்க நகரத்தில் அவள் படித்த கல்லூரி ஒரு விழா வைத்தது. பேச அவளை அழைத்தார்கள். ஏழு நிமிடம். அப்பாவைப் பற்றியே பேசினாள். அப்பாவும் அம்மாவும் பதினாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையிலிருந்து பார்த்தபோது அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. அப்பா கழுத்தை நீட்டி, முன்னால் இருந்தவரின் தலைக்கு இப்புறமும் அப்புறமும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பஸ்ஸில் வரும்போது அவர் கேட்டது ஒன்றுதான். "அதுக்க வீடியோ எப்ப மக்ளே வரும்?"

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். தனக்கென்று ஒரு நல்ல செருப்புக்கூடக் கேட்காத மனுஷன், தினம் மில்லிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன் "வந்துச்சா?" என்றார். அப்பா வாயைத் திறந்து கேட்ட முதல் பொருள் இது என்று ஷாலுவுக்குத் தோன்றியது. எப்படியாவது அதை அவருக்கு நல்லபடியாகக் காட்டிவிட வேண்டும். அதற்குமேல் அவளுக்கு அப்போது வேறு யோசனை இல்லை.

இருபது நாள் கழித்துக் கல்லூரியின் சேனலில் வீடியோ வந்தது. நல்ல கேமராவில், முழு ஹெச்.டி.யில், முகம் நேராகத் தெரியக் கிட்டத்தில் எடுத்திருந்தார்கள். ஷாலுவின் போன் உள்ளங்கை அளவு, குறுக்கே விரிசல் வேறு. வீட்டு டிவியோ பின்பக்கம் புடைத்த பழைய பெட்டி. மீதி இருந்தது லாப்டாப். கல்லூரியில் சேர்ந்த வருஷம் பழைய சாமான் கடையில் வாங்கியது. அப்போதே அதற்கு ஆறேழு வயது இருக்கும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி மூன்று பேரும் அதன் முன் உட்கார்ந்தார்கள். ஷாலு ஓடவிட்டாள். குரல் தடையில்லாமல் வந்தது. படம்தான் நொண்டியது. வாய் திறந்தபடி அவள் முகம் நிற்கும்; குரல் ஒரு வாக்கியம் தாண்டிப் போயிருக்கும்; பிறகு முகம் ஒரு குதி குதித்து வேறெங்கோ பார்க்கும். லாப்டாப்புக்குள் விசிறி ஆரவாரமாகச் சுழன்றது. லீலாபாய் அதையெல்லாம் பொருட்படுத்தாமல் கேட்டுக்கேட்டு அழுதாள். ராஜையன் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"என்னது இது, நிக்குது, தாவுது?"

"பழைய லாப்டாப்புல்லா அப்பா. இருங்க, கொறச்சு வைக்கேன்."

படத்தின் தரத்தை 360க்கு இறக்கினாள். உடனே தடங்கலின்றி ஓடியது. அவள் முகம் மட்டும் ஈர விரலால் தேய்த்ததுபோல் கலங்கிப்போனது.

"இப்ப ஓடுது பாருங்க."

"மொகம் எங்க? மாவ அப்பி வச்சமாதிரி இருக்கு."

"சத்தம் நல்லாத்தானே கேக்குது? பேச்சுதானே அப்பா முக்கியம்."

ராஜையன் லாப்டாப்பை அறைந்து மூடினார். மூடிய வேகத்தில் மேசையிலிருந்த தம்ளர் உருண்டு விழுந்தது. "பேச்சு கேட்டா போதுமாம்!" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, சட்டைகூடப் போடாமல் வெளியே போய்விட்டார்.

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த வீட்டில் அவர் ஒரு கதவைக்கூட அப்படி அடித்து மூடியதில்லை.

அன்று ராத்திரி முழுக்க ஷாலு தன்னையே குடைந்துகொண்டிருந்தாள். நான் என்ன சொல்லிவிட்டேன்? உங்களுக்கு இது போதும் என்றா சொன்னேன்? படித்தவள் ஆனதும் எனக்கு அப்படி ஒரு தொனி வந்துவிட்டதா? அப்பா கேட்டது மகளின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதுதான். அதில் பாதியைக் கொடுத்து வாயை அடைக்கப் பார்த்தேனே.

அடுத்த நாளே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து லாப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினாள். விசிறிக்கும் அதன் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவில் செங்காவி நிறத்தில் ஒரு தூசிப் பாளம் மெத்தைபோல் அடைத்திருந்தது. பழைய பிரஷ்ஷால் கிளறியதும் மூக்கில் ஏறியது. தும்மினாள், இன்னொரு தடவை, நிறுத்த முடியவில்லை. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த லீலாபாயும் தும்மினாள். மிளகாய்! அப்பா சட்டையை உதறித் தொங்கவிடும் ஆணிக்குக் கீழேதான் மூன்று வருஷமாக லாப்டாப் இருந்திருக்கிறது.

"மில்லு இஞ்ச ஒரு பிராஞ்ச் தொறந்திருக்குது, கேட்டியா," என்று லீலாபாய் சிரித்தாள்.

தூசி போனதும் சூடு குறைந்தது, விசிறியின் சத்தம் அடங்கியது. படம் மட்டும் நொண்டுவதை விடவில்லை. கூடப் படித்த நவநீத்துக்குப் போன் போட்டாள். டெக்னோபார்க்கில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்ததால் அவனுக்கு எல்லாம் தெரியும் என்பது வகுப்புக்குள் பேச்சு.

"எடீ, அது கெழவி. கெழவிக்குப் புது பாஷை புரியாது, அத்ரதான்," என்றான்.

"வெளாட்டு வேண்டாம், விஷயத்தச் சொல்லு."

"ஹெச்.டி. வீடியோவ இப்பல்லாம் புது முறையில சுருக்கி அனுப்புறாங்க. அத விரிக்கிறதுக்குத் தனி வித்தை வேணும். ஒன் லாப்டாப்புல வீடியோ வேலைக்குன்னு ஒரு பாகம் இருக்கு இல்லியா, அதுக்குப் பழைய முறை மட்டுந்தான் தெரியும். தெரியாதது வந்தா அது கைய விரிச்சிரும். அப்ப முழுப் பாரமும் பிராசஸர் தலையில. அது மூச்சு வாங்கி, நொடிக்கு முப்பது படம் காட்டவேண்டியதுல முக்கால்வாசிய விட்டுடுது. சத்தம் கனமில்லாத சாதனம், அது மட்டும் ஓடி வந்துடும்."

"அப்ப என்ன செய்ய?"

"பழைய முறையிலயே அனுப்புன்னு கேளு. ப்ரௌசர்ல போடுறதுக்கு ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் லிங்க் தர்றேன். அந்தப் பாகத்த வேலை வாங்குற ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன் ஆன் ஆயிருக்கான்னும் பாரு. பின்ன, எத்தனை படம் விட்டுப்போகுதுன்னு எண்ணிக் காட்டுற ஒரு கட்டம் உண்டு. அதத் தொறந்து வச்சுக்கோ."

பார்த்தால் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன் அணைந்து கிடந்தது. எப்போதோ அவளேதான் அதை அணைத்திருந்தாள். அதைப் போட்டு, எக்ஸ்டென்ஷனையும் சேர்த்து, ப்ரௌசரை மூடித் திறந்து, முதல் ஒரு நிமிடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். 'மதிப்பிற்குரிய ஆசிரியர்களே' என்ற தன் குரலைப் பதினாறாவது தடவை கேட்கச் சகிக்காமல் சத்தத்தை நிறுத்திவிட்டாள். கண்ணுக்கு வேண்டியது அந்தக் கட்டத்து எண் மட்டும்தானே. முதலில் ஒரு நிமிடத்துக்கு ஆயிரத்து நானூறு படங்கள் விட்டுப்போயிருந்தன. கடைசியில் மூன்று. திரையில் அவள் முகம் தெளிந்த நீருக்குள் தெரிவதுபோல் அசைந்தது. மூக்கின்மேல் வியர்வைத் துளிகூடத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையும் சாப்பாடும் முடிந்த மத்தியானம். லீலாபாய் அடுத்த வீட்டு ராகேலைப் பார்க்கப் போயிருந்தாள். ஷாலு அப்பாவின் தோளைத் தொட்டு அழைத்து உட்காரவைத்தாள். எந்தச் சாவியை அழுத்தினால் நிற்கும், எதை அழுத்தினால் கொஞ்சம் பின்னால் போகும் என்று காட்டினாள். வீடியோவை ஓடவிட்டு, டீ போட அடுக்களைக்குப் போனாள்.

பால் பொங்கும் நேரத்தில் அப்பா சிரிப்பது கேட்டது. வாய்விட்டு, மில்லில் சிரிக்கிற சிரிப்பு.

"கள்ளி!" என்றார் அங்கிருந்தே. "அப்பா சட்டைய ஒதறினா வீடே தும்மும்னு இத்தன ஆளுக்க முன்னால சொல்லியிருக்கியே!"

ஷாலுவும் சிரித்தாள். அந்த இடத்தில்தான் அரங்கம் முழுக்கச் சிரித்தது. டீயை ஆற்றிக்கொண்டே அந்தச் சிரிப்புக்குக் காதைக் கொடுத்தாள். வரவில்லை. கைதட்டல் வரவில்லை. அவள் குரலும் வரவில்லை. வீட்டில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டும் இருந்தது.

தம்ளரோடு வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். திரையின் மூலையில் ஒலிபெருக்கிப் படத்தின் குறுக்கே கோடு. நேற்று அவள் நிறுத்திய சத்தம். திரும்பப் போட மறந்திருந்தாள். சத்தமில்லாத அந்த முகத்தைப் பார்த்து அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் உதடுகளும் லேசாக அசைந்தன. திரையில் இருந்த உதடுகளுக்கு ஒரு நொடி பின்னால்.

"அப்பா," என்றாள்.

அவர் திரும்பவில்லை.

"அப்பா!"

கடிகாரம் ஓடியது. ஷாலுவின் கையில் தம்ளர் சுட்டது. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. அவள் அவர் பிடரிக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் நின்று, உரத்த குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "அப்பா, வீடு தீப்பிடிச்சு எரியுது."

ராஜையன் மகளின் பேச்சை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனை வருஷம். விளக்கு, நாற்காலி, போன், திறக்காத பாட்டுப் புத்தகம் எல்லாம் ஒரே நொடியில் வந்து அவள்மேல் மோதின. இயற்பியலில் ஒலிக்கு ஒரு தாள் முழுக்க எழுதித் தேறியவள் அவள். டெசிபல் கணக்கு அத்தனையும் தெரியும். அந்தக் கணக்கை ஆரியசாலை மில் வரை ஒருநாளும் கொண்டுபோய்ப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவர் முதுகு விறைப்பதைக் கண்டாள். வீடியோவில் ஐந்தாவது நிமிடம். அவர் கை நீண்டு, அவள் காட்டிக்கொடுத்த சாவியை அழுத்தியது. கொஞ்சம் பின்னால் போய்த் திரும்ப ஓடியது. மறுபடியும் அழுத்தினார். மூன்றாவது தடவையும். பிறகு படத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"ஷாஜின்னு பேரச் சொன்னியா மக்ளே?"

அவள் தலையசைத்தாள்.

அந்த இடத்தில் அவள் பேசியது இதுதான்: ஊரடங்குக் காலத்தில் இலவசச் சாப்பாடு கொடுத்த சமையற்கூடம் ஒன்றுக்குப் புட்டு மாவு அரைக்க எண்பது கிலோ அரிசி மில்லுக்கு வந்தது. மிளகாய் அரைத்த மிஷினில் மாவு அரைப்பதற்கு முன் கொஞ்சம் குருணை அரிசியை ஓட்டிக் கழித்துச் சுத்தம் பண்ண வேண்டும். ஷாஜி என்பவர் அதைச் செய்யாமலே செய்ததாகச் சொல்லிவிட்டார். மாவு முழுக்கக் காரம் ஏறிப் பாழாயிற்று. பிள்ளைகள் வாயெரிந்து அழுதார்கள். அவருக்கு வேலை போயிற்று. என் அப்பா தன் கவனத்தாலும் நேர்மையாலும் நிலைத்து நின்றார், அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். பெயரைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. பெயர் சொன்னால் கதை நம்பும்படி இருக்கும் என்று நினைத்துச் சேர்த்திருந்தாள். அரங்கம் அங்கேதான் பலமாகக் கைதட்டியது.

"அப்பா, ஒங்களுக்குக் காது கேக்காதா?" என்றாள். எதை முதலில் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"முழங்குறதும் இடிக்கிறதும் கேக்கும். பேச்சு கேக்காது. பதினஞ்சு பதினாறு வருஷமாச்சு." யாரோ ஒருவருடைய விஷயம்போலச் சொன்னார். "செவிடன மிஷின்பக்கம் எந்த மொதலாளி நிறுத்துவான்? மில்லுல எல்லாரும் உதட்டத்தான் பாப்பாங்க. நானும் பாத்தேன். பாதி பிடிபட்டா மீதிய நெனச்சுக்கலாம். யாருக்கும் தெரியல்ல."

"பின்ன மாஸ்க்கு வந்தப்போ?"

ராஜையன் மடியில் இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னு மொதலாளி நீல மாஸ்க்கு போட்டுட்டு வந்து என்னமோ சொன்னாரு. கண்ணு மட்டுந்தான் எனக்குத் தெரிஞ்சுது. நான் சரின்னு தலையாட்டினேன். அரிசியக் கொண்டுபோயி ரெண்டாவது மிஷின்ல போட்டேன். அதுல போடாத, மூணாவதுல போடுன்னாக்கும் அவரு சொன்னது. மறுநாளு சமையக்காரங்க வந்து சத்தம் போட்டாங்க. மொதலாளி எனக்க முன்னால வந்து நின்னு வேற என்னமோ கேட்டாரு. அதுக்கும் தலையாட்டினேன்."

"என்ன கேட்டாரு?"

"மிஷின் சுத்தம் ஆச்சுன்னு ஷாஜியா ஒங்கிட்ட சொன்னதுன்னு கேட்டிருக்காரு."

ஷாலு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் ஆணியில இருந்து சட்டைய எடுத்துட்டு எறங்கிப் போறப்பத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டுது. ஓடிப்போயி சொல்லியிருக்கலாம். சொன்னா, பின்ன ஏன் தலையாட்டினேன்னு கேப்பாங்க. நீ அப்ப பன்னெண்டாங் கிளாசு."

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஷாலுவுக்கு வெகுநாள் தோன்றிக்கொண்டிருந்தது.

லீலாபாய் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். காது விஷயத்தை ஷாலுதான் சொன்னாள். லீலாபாய் முதலில் சிரித்தாள். பிறகு புருஷனுக்குப் பின்னால் போய்க் கையைத் தட்டிப் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அப்ப இத்தன வருஷமா நான் இந்த வீட்டுல தனியாவா பேசிட்டிருந்தேன்?" என்றாள். "வைதது ஒண்ணுமே ஏறல்லியா? எனக்க கர்த்தாவே, வைததெல்லாம் வேஸ்டா?" சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஏதோ ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டது, அடங்க நேரமாயிற்று.

திங்கள்கிழமை ஷாலு கல்லூரிக்குப் போய் வீடியோவை எடுத்துவிடச் சொன்னாள். அந்தப் பொறுப்பில் இருந்த சுப்ரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லா போய்ட்டிருக்கே, ஆயிரத்து எண்ணூறு பேர் பாத்தாச்சு. எதுக்கு எடுக்கணும்?" ஷாலு சொன்ன காரணம் பொய். அதுவும் அவள் கணக்கில் சேர்ந்தது. வீடியோ போயிற்று. பார்த்த ஆயிரத்து எண்ணூறு பேர் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிறன்று, உள்ளதை ஷாஜியிடம் சொல்லிவிட, அப்பாவும் மகளும் வித்துராவுக்குப் பஸ் ஏறினார்கள். சந்தைக்குப் பக்கத்தில் ரப்பர் ஷீட்டு விலைக்கு எடுக்கும் ஒரு கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார் ஷாஜி. ஆளைக் கண்டதும் தூரத்திலிருந்தே உதட்டை மட்டும் அசைத்து ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். அப்பா சிரித்துவிட்டார். மூன்று பேரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"ஒனக்க பேச்சக் கண்டேன் மோளே. யாரோ அனுப்பித் தந்தாங்க," என்றார் ஷாஜி.

"ஷாஜி அண்ணா, அது..."

"நீ தெரிஞ்சதச் சொன்ன. அது போட்டு, விடு." அவர் ராஜையன் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கோபம் இல்லாததுதான் ஷாலுவைப் பயமுறுத்தியது. "ஆனா அண்ணா, ஒண்ணு கேக்கணும்னு நாளாச்சு. சுத்தம் ஆச்சுன்னு நான் ஒங்ககிட்ட சொன்னேனா? எனக்கு ஓர்மையே இல்ல. சொல்லல்லன்னுதான் மனசுல இருக்கு. ஆனா நீங்க கள்ளம் பறைய மாட்டீங்க. அப்ப நான் சொல்லியிருக்கணும், இல்லியா? எனக்குப் புத்தி பெசகிட்டுதோன்னு வீட்டுக்காரிகிட்டகூடக் கேட்டேன்."

நல்ல வெயில். ஷாஜியின் முகத்தில் மாஸ்க் இல்லை, மீசைகூட இல்லை. ஒரு சொல் விடாமல் அப்பாவுக்குப் பிடிபட்டிருக்கும். அவர் தம்ளரைக் கீழே வைத்தார். வாய் திறந்தது. பிறகு முகத்தைத் திருப்பி, பொன்முடி மலைக்கு ஏறுகிற ரோட்டில் போகும் வண்டிகளைப் பார்க்க ஆரம்பித்தார். காதை மூட அவருக்கு அது ஒரு வழிதான் உண்டு என்பது இப்போது ஷாலுவுக்குத் தெரியும். ஷாஜிக்குத் தெரியாது. அவர் டீயைக் குடித்து முடித்து, மூவருக்கும் தானே காசு கொடுத்துவிட்டு மூட்டைக்குப் போனார்.

பஸ்ஸில் ஷாலு அப்பாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக் கேட்டாள். "ஏன் சொல்லல்ல?"

"அடுத்த ஞாயிறாழ்ச்ச," என்றார்.

அதற்குப் பிறகு பதினோரு ஞாயிறு வந்து போய்விட்டது. மெடிக்கல் காலேஜில் பரிசோதித்து ஒரு காதுக்குக் கருவி கொடுத்திருக்கிறார்கள். மில்லுக்கு அதைப் போட்டுக்கொண்டு போவதில்லை. ஷாலுவே போய்ச் சொல்லிவிடலாம். இரண்டு தடவை வித்துரா போகும் வழியில் நெடுமங்காடு வரை போய்த் திரும்பினாள். அவள் சொன்னால் அது மகள் சொன்னதாக இருக்கும். ஷாஜி கேட்டது அவளை அல்ல. 'நீ சொல்லல்ல, ஷாஜி' என்ற அந்த மூன்று சொல்லையும் ராஜையன்தான் கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.